மொட்டையை மறைத்த கப்பல்காரத் தொப்பி

நெஞ்சு இன்னும் படபடவென்று அடிக்கிறது மக்களே.

இன்று என் மகனுக்குப் பெண் பார்க்க உசிலம்பட்டிக்குப் போனோம். போன வாரம்தான் திருச்செந்தூரில் நான் மொட்டை போட்டேன். "இந்தத் தலையோட வராதீங்க, போட்டோவுல பளபளங்கும்" என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்.

போகிற வழியில் காளவாசல் கடையொன்றில் ஒரு தொப்பி வாங்கினேன். வெள்ளை வட்டத் தொப்பி, சுற்றிலும் நீல ரிப்பன். கப்பல்காரர்கள் போடுவதாம். ஸ்டைலாகத்தான் இருந்தது.

பெண்ணின் அப்பா என்னைப் பார்த்ததும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"அண்ணே, கடைசியா எந்த ஊர்ல?" என்றார்.

மொட்டையைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். "திருச்செந்தூர்லண்ணே. போன வாரந்தான் எறக்குனேன்."

"எந்தக் கப்பல எறக்குனீங்க?"

"கப்பலா? முடியண்ணே!" என்று தொப்பியைக் கழற்றிக் காட்டினேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "பதினஞ்சு வருசம் கப்பற்படையில இந்தத் தொப்பி போட்டவன் நான். ஒங்களுக்கு இது மொட்டைய மூடுற துணியா?"

தொப்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். மகன் முகத்தில் ரத்தமே இல்லை. சம்பந்தம் போச்சு என்று எழுந்தேவிட்டோம்.

உள்ளேயிருந்து பெண் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். "அப்பா, இம்புட்டு சிரிக்க வச்ச வீட்ட விட்றாதீங்க!"

அவர் கையை நீட்டினார். "மாப்பிள்ளைய ஏத்துக்கிறேன். தொப்பிய வச்சிட்டுப் போங்க."

வெயிலில் மொட்டை சுடச்சுட வீடு வந்து சேர்ந்தேன். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். அதற்குள் முடி வளர என்ன தேய்க்கலாம்? சிரிக்காமல் சொல்பவர்களுக்கு மட்டும்தான் பந்தியில் இடம்.