அந்தப் படத்தில் குதிப்பது நான்

மலேசியாவில், பகாவ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து ஆடினோம். பரதமும் இல்லை, சினிமா ஆட்டமும் இல்லை. சலங்கை கட்டாமல், வெறுங்காலோடு, ரப்பர் மரங்களுக்கு நடுவே நாங்களாகவே அமைத்துக்கொண்ட நவீன நடனம். படம் பிடித்தவள் நால்வரில் ஒருத்தியான என் தோழி. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகள். தோட்டத்துப் பெண்களில் அவளிடம் மட்டும்தான் கேமரா இருந்தது.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன வருஷம் அவள் என் வீட்டுக்கு வந்து, அவள் கொடுத்து நான் பத்திரப்படுத்தியிருந்த படங்களைக் கேட்டாள்.

"ராசா டவுன் மண்டபத்துல பழைய படக் கண்காட்சி வைக்கிறாங்க லா. முடிஞ்சதும் திருப்பித் தந்துடுறேன்."

யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தேன்.

திறப்பு நாளன்று மண்டபத்தில் நுழைந்ததும் முதல் சட்டத்தில் நான் இருந்தேன். இரண்டு கால்களும் தரையில் இல்லை. முடி பறந்து முகத்தை மூடியிருந்தது. அந்தக் குதிப்பில் கால் பிசகி, இரண்டு வாரம் பால் எடுக்க மரம் வெட்டப் போகாமல் கிடந்தேன். தினமும் வந்து எண்ணெய் தேய்த்துவிட்டவள் அவள்தான்.

படத்துக்குக் கீழே, ஆடுபவர் என்று என் தோழியின் பெயர். படம் எடுத்தவர் 'தெரியவில்லை' என்று போட்டிருந்தது.

ஏதோ தவறு என்றே நினைத்தேன். கண்காட்சி ஏற்பாடு செய்த பெண்ணிடம், படத்தில் இருப்பது நான் என்று சொன்னேன். அவள் என் தோழியைத் திரும்பிப் பார்த்தாள். தோழி என் தோளில் கை வைத்துச் சிரித்தாள்.

"இவங்களும் எங்ககூட ஆடினவங்கதான். இப்போ கொஞ்சம் மறதி."

அந்தப் பெண் நகர்ந்ததும் கேட்டேன், "ஏன்டி இப்படிச் சொன்னே?"

"எல்லாரையும் நான் எடுத்தேன். என்னை யார் எடுத்தா? நான் ஆடினதுக்கு ஒரு படம்கூட இல்ல. அதுல முகமே தெரியல, யாரா இருந்தா உனக்கு என்னா?"

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. அவள் கையிலிருந்து கேமராவை வாங்கி நாங்கள் யாரும் அவளை ஒரு படம் எடுக்கவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் என் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரையும் போடச் சொல்லியிருப்பேன். மறதிக்காரி என்று என்னை ஆக்கியதைத்தான் தாங்க முடியவில்லை.

சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன்.

"ஆண்ட்டி, தொடாதீங்க!" என்று அந்தப் பெண் ஓடிவந்தாள்.

"இது என் வீட்டுப் படம்மா," என்றேன். தோழி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சட்டத்தை மார்போடு அணைத்தபடி பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு மூன்று முறை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை.