தலைகீழ் என்று பெயர் வாங்கியவள்

பிணவறுப்புக் கூடத்தில் மேஜைக்கு எட்டு மாணவர்கள். வாரம் ஒருவர் முன்கூட்டியே படித்துவந்து மற்ற ஏழு பேருக்கும் பாடம் நடத்த வேண்டும் என்பது பேராசிரியையின் ஏற்பாடு. பஸ் டிரைவரின் மகளுக்குத் தொடைப் பகுதி விழுந்தது. அந்த வாரம் பார்த்து அவள் அப்பா நெஞ்சு வலியென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். புத்தகத்தைத் தொட முடியவில்லை.

"கவலைப்படாத, நான் சொல்லித் தர்றேன்" என்றான் அதே மேஜையில் இருந்த சர்ஜனின் மகன். வகுப்பில் அவனுக்குச் சின்ன டாக்டர் என்று பெயர். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். "தொடை இடுக்குல வெளிப்பக்கம் சிரை, நடுவுல தமனி, உள்பக்கம் நரம்பு. மறந்துடாத."

அவள் மறக்கவில்லை. மறுநாள் கணீரென்று அப்படியே சொன்னாள். பேராசிரியை பின்னாலேயே நின்றிருந்தார்.

"நீ சொல்ற இடத்துல ஊசியக் குத்தினா நரம்பு போயிடும். வெளியிலிருந்து நரம்பு, தமனி, சிரை. தலைகீழா ஒப்பிக்கிறியே!"

மேஜை சிரித்தது. சின்ன டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதில்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. அன்று முதல் அவள் பெயர் 'தலைகீழ்'. கேன்டீனில், நூலகத்தில், பெண்கள் விடுதிப் படிக்கட்டில்கூட அதே பெயர்.

அவள் அழவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. வைராக்கியமாகப் படித்தாள். மற்றவர்கள் கையுறையைக் கழற்றிக் கிளம்பிய பிறகும் ஃபார்மலின் நெடியில் கண் எரிய நின்று, ஒவ்வொரு நரம்பாகத் தேடிப் பிடித்தாள். வருடக் கடைசியில் உடற்கூறியலில் அவள் முதலிடம். ஊர் சுற்றிய சின்ன டாக்டர் ஃபெயில்.

மறுதேர்வு எழுதுகிறவர்களுக்குப் பாடம் நடத்தும் வேலையைப் பேராசிரியை அவளிடமே கொடுத்தார். முதல் நாளே அவன் அசட்டுச் சிரிப்போடு வந்தான். "பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காத."

"பாடத்தப் பாக்கலாம்" என்றாள்.

தப்பாகச் சொல்லிக்கொடுத்து அவனை மறுபடியும் கவிழ்த்துவிட ஆசைதான். ஆனால் மேஜையைச் சுற்றி இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். அந்தத் தப்பு நாளைக்கு எவன் உடம்பில் இறங்குமோ? வேறு வழி எடுத்தாள். தினமும் அவனையே நடத்தச் சொன்னாள். அவன் தடுமாறினால் எடுத்துக்கொடுக்க மாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பாள். அவன் கழுத்து வேர்த்து வழியும். "தெரியலன்னு வாயத் தொறந்து சொல்லு" என்பாள். சொன்ன பிறகுதான் விளக்குவாள்.

தொடை வந்த நாளில் பேராசிரியையும் வந்திருந்தார். அவன் சரியாகவே சொன்னான்: நரம்பு, தமனி, சிரை.

"சரி. போன வருஷம் எங்கப்பா படுத்திருந்த ஆஸ்பத்திரியில இதையே எனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்த? அதையும் சொல்லு."

அவன் முகம் செத்தது. "விளையாட்டுக்குத்தான்..."

"அந்த விளையாட்டத்தான் கேக்கறேன்."

சொன்னான். கடைசி வார்த்தை வரை. ஒருவரும் சிரிக்கவில்லை. இனி அவன் எந்த மேஜையிலும் பாடம் நடத்தக் கூடாது என்று பேராசிரியை அங்கேயே சொன்னார். பிறகு இவளைத் தனியே அழைத்து, "உன் கணக்க என் கூடத்துலதான் தீர்த்துக்கணுமா?" என்று கடிந்துகொண்டார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், வருத்தப்படவில்லை. அன்று வெகுநாளுக்குப் பின் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அவன் தேறிவிட்டான். அவள் நடத்தியதுதான் அவனைக் கரையேற்றியது. அதை நினைத்தால் மட்டும் பற்றிக்கொண்டு வரும். "அடிச்சதும் நீ, தூக்கிவிட்டதும் நீ" என்று அப்பா சிரித்தார்.

வருடங்கள் கழித்து, அவள் அதே துறையில் ஆசிரியையாக இருந்தபோது, அவனுடைய கல்யாணப் பத்திரிகை வந்தது. வரச்சொல்லி ஃபோனும் செய்தான். அவள் போகவில்லை.

"இன்னுமாடி?" என்றாள் அம்மா.

"இன்னும்தாம்மா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குக் கிளம்பினாள்.