வாசல் பலகைக் கேள்வி

ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையில் நான் புத்திசாலி என்று முடிவாயிற்று. முடிவு செய்தது நாங்கள் அல்ல. அடையாறில் கோடை வகுப்பு நடத்திய ஒரு கல்வி நிலையம். கணக்கிலும் அறிவியலிலும் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பரீட்சை வைத்துப் பொறுக்கி, பத்தாம் வகுப்புப் பாடத்தை ஜூன் பிறப்பதற்குள் முடித்து, பதினொன்றாம் வகுப்பையும் கொஞ்சம் ருசி காட்டி அனுப்புவது அவர்கள் திட்டம். அந்தப் பரீட்சையில் நான் எப்படித் தேறினேன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தெரியாத கேள்விக்கெல்லாம் 'சி' என்று போட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. தி.நகர் அத்தை தன் அபார்ட்மென்ட் முழுக்கச் செய்தி சொல்லி முடித்துவிட்டாள். அதன்பிறகு பின்வாங்க வழியில்லை.

மந்தைவெளியிலிருந்து அம்மா என்னை பஸ்ஸில் கூட்டிப்போவாள். வகுப்பு முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பாள். அவள் மட்டுமல்ல, முக்கால்வாசிப் பெற்றோரும் அப்படித்தான். தலைக்குமேல் வளர்ந்த பிள்ளைகளை எந்தப் பிள்ளை பிடிப்பவன் வந்து தூக்கப்போகிறானோ தெரியாது. கேட்டால் வெயிலைக் காரணம் சொல்வார்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் சிமென்ட் பெஞ்சுகள் இருந்தன. டிபன் கூடையும் மோர் பாட்டிலுமாக அங்கே ஒரு தனி வகுப்பே கூடியிருக்கும்.

கணக்கு சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. வகுப்பு வாசலுக்கு வெளியே ஒரு சின்னக் கரும்பலகையை மாட்டி, தினமும் அதில் ஒரு கேள்வி எழுதுவார். உள்ளே வரும்போது படித்துக்கொண்டு வர வேண்டும். இடைவேளைக்குப் பிறகு விடை சொல்ல வேண்டும். மரத்தடியில் உட்கார்ந்தால் அந்தப் பலகை பளிச்சென்று தெரியும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

முதல் வாரம் பெற்றோர்கள் தண்ணீர் லாரியைப் பற்றியும் காலேஜ் கட்-ஆஃப் பற்றியும் பேசினார்கள். அடுத்த வாரம் பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேப்பர் ஓரத்தில், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில், மருந்துக்கடை பில்லில். விடை கிடைத்தவர்கள் இடைவேளையில் மோரோடு சேர்த்து அதையும் தம் பிள்ளைக்குப் புகட்டிவிடுவார்கள். அதற்கு யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

ஒருநாள் சதுரங்கப் பலகையைப் பற்றிக் கேள்வி. குறுக்காக எதிரெதிரே இருக்கும் இரண்டு மூலைக் கட்டங்களை வெட்டிவிட்டால், மிச்சப் பலகையை இரண்டிரண்டு கட்ட நீளமுள்ள துண்டுகளால் முழுக்க மூட முடியுமா? இடைவேளைக்கு வெளியே வந்தபோது அம்மாவைச் சுற்றிக் கூட்டம். மயிலாப்பூர் மாமா ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் பையன் என் வகுப்புதான்.

"முடியாது சார்," என்றாள் அம்மா. "வெட்டின ரெண்டு மூலையும் ஒரே கலர். நாம வைக்கிற ஒவ்வொரு துண்டும் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளைய மூடும். அப்ப மிச்சம் எப்படி சரியா வரும்?"

"அடடா! நான் ஆத்துலேர்ந்து நெனச்சுண்டே வரேன், இது தோணலையே!" என்ற மாமா, மோர் பாட்டிலோடு தன் பையனைத் தேடி ஓடினார்.

அந்தப் பையன் உள்ளே எழுந்து அதை வரிக்கு வரி ஒப்பித்தான். எப்படித் தோன்றியது என்று சார் கேட்டதற்கு, "சும்மா யோசிச்சேன் சார்," என்றான். வகுப்பே கை தட்டியது. நானும் தட்டினேன். எனக்கு எரிந்துகொண்டு வந்தது.

திரும்பும்போது, "எனக்கு மட்டும் ஏன் சொல்லல?" என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அட, ஆமாம்ல," என்றாள். "எனக்கே அப்பதான் வந்துது." அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. நானே பாடுபட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறாள், அதுதான் மழுப்புகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அம்மா கணக்கில் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டம் எங்கள் வீட்டு பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருந்தது.

உள்ளே என் பாடு திண்டாட்டமாகத்தான் இருந்தது. மற்றவர்கள் மூன்றாம் வரியில் இருக்கும்போது நான் தலைப்புக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டிருப்பேன். பஸ் அடையாற்றுப் பாலத்தில் ஏறும்போதே திரும்பிப் போய்விடலாமா என்று அம்மாவைக் கேட்பேன். சார் நல்லவர், அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டுச் சொன்னார்: "புத்தி இல்லேன்னு சொல்லல. வேகம் ஒத்துவரல. தி.நகர்ல எங்களோட சாதாரண பேட்ச் நடக்குது. அங்க நிதானமா சொல்லித் தருவாங்க. வேன் உங்க வீட்டு வாசலுக்கே வரும்."

எனக்குத் தலையிலிருந்து மூட்டையை இறக்கியது போலிருந்தது. அப்பாவுக்கும் சந்தோஷம். "உனக்கும் அலைச்சல் மிச்சம்," என்றார் அம்மாவிடம்.

அம்மா மட்டும் அசையவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே," என்றாள். நான் அழுது பார்த்தேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். எதற்கும் விட்டுக்கொடுக்கிறவள், இதில் பிடித்த பிடியை விடவில்லை. "யாருக்காக இவள இப்படி இழுத்துக்கிட்டுப் போற?" என்று அப்பா ஒருநாள் காலையில் கேட்டேவிட்டார். அம்மா மிக்ஸியைப் போட்டாள்.

அத்தைக்கு எதிரே தலை குனியக்கூடாது என்ற வீம்புதான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அன்று பஸ்ஸில் வைத்துச் சொன்னேன்: "நீ பெருமை அடிச்சுக்க நான் தெனமும் அங்க போய் அசிங்கப்படணுமா?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாலம் தாண்டிய பிறகு, "சரி. இன்னிக்கே சொல்லிடலாம்," என்றாள்.

வகுப்பு முடிந்ததும் சாரைப் பார்த்தோம். அம்மாவே பேசினாள். "நல்ல முடிவும்மா. வேன்காரர்கிட்ட நான் சொல்லிடறேன்," என்றார் சார். மாட்டியிருந்த பலகையை எடுத்து, அன்றைய கேள்வியை அழிக்க ஆரம்பித்தார்.

அம்மா கிளம்பாமல் நின்றாள்.

"நாளைக்கு என்ன கேள்வி சார் போடுவீங்க?"

சார் என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். "அதான் பொண்ணு இனிமே இங்க வரப்போறதில்லையேம்மா," என்றார் பொறுமையாக.

"ஆமாமா," என்றாள் அம்மா. கூடையை எடுத்துக்கொண்டாள்.

இத்தனை பேசிய பிறகும் அம்மாவுக்கு விஷயம் புரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் அதை நடித்தே காட்டினேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.