ஆண்டுக் கூட்டத்துப் போட்டோ

ஒரகடம் பக்கம் ஓர் இன்ஜினியரிங் காலேஜில் ஸ்காலர்ஷிப் பிரிவை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அவரைச் சந்தித்தேன். மாநிலம் முழுக்க எங்களைப் போன்றவர்களுக்கென்று இருந்த சங்கத்தின் செயலாளர் அவர். வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார். யார் படியேறும் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றுவிடுவார்.

படப்பையில் ஒரு மண்டபத்து மாடியில் ஆண்டுக் கூட்டம். வரிசையாக நாற்காலி போட்டு, முதல் கூட்டத்துப் போட்டோவை மேசைமேல் நிறுத்தியிருந்தார். அதில் இடமில்லாமல் பலர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று மத்தியானம் வரை வந்தது நான் ஒருத்திதான்.

“எதுக்கு சார் சங்கம் ஆரம்பிச்சீங்க?” என்றேன்.

“எந்தக் காலேஜ்லயும் இந்த வேலைக்கு ஒரே ஆளும்மா. ஸ்காலர்ஷிப் வரலைன்னு பசங்க அழுவுறத நாமதான் பாத்துகினு இருக்கணும். அத்தச் சொல்ல நாலு பேரு வேணாமா?”

போட்டோகிராபர் எங்களை நெருங்கி உட்காரச் சொன்னார். செயலாளர் கேட்கவில்லை.

“நீ அந்தக் கோடிக்குப் போம்மா. யாராச்சும் வந்தா நடுவுல எடம் வேணும்.”

அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. நடுவில் காலி நாற்காலிகள். நான் காமிராவைப் பார்க்கிறேன். அவர் பாதி எழுந்து, மலர்ந்த முகத்தோடு படிக்கட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறார்.

படியேறி வந்தவர் டீ கொண்டுவந்தவர்.