பரணில் ஏறிய பாரம்

பாரத்தைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டுத் தோளை மட்டும் படம் எடுத்துப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். தோளால் மட்டும் எந்தப் பாரமும் மேலே போகாது. பெண்பிள்ளைகளுக்குப் பாரம் தூக்கப் பழக்குகிற எனக்கு இதைக் கத்திக் கத்தியே தொண்டை போய்விட்டது. என் அண்ணனும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தான்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. புத்தூரில் எங்களுக்கு வெங்காயத் தோட்டம். அப்பா இல்லை, எல்லாம் அம்மாதான். அண்ணன், தண்ணீர் இறைக்கப் பாவித்த பழைய இரும்புக் குழாயின் இரண்டு முனைகளையும் பெயின்ற் வாளிகளில் விட்டுச் சீமெந்து ஊற்றிப் பாரம் செய்தான். கடைத் தராசில் நிறுத்தான். முப்பது கிலோ. ஊரெல்லாம் சொன்னான். வெங்காயக் கொட்டிலின் சுவரில் தோலுரித்த மனிதனின் படம் ஒன்றையும் ஒட்டினான். வேலை செய்கிற தசைகளை விரலால் தொட்டுக் காட்டுவான்: தோள், மேற்கையின் பின்பக்கம், மார்பின் மேற்பகுதி, கழுத்தடியிலிருந்து முதுகுக்கு இறங்குவது. நெஞ்சுக்குக் கீழே படத்தைச் சாக்குகள் மறைத்திருந்தன. அவன் விலக்கிப் பார்க்கவேயில்லை.

ஒரு மாதமாகியும் பாரம் அவன் நெற்றியைத் தாண்டவில்லை. முதுகு வில்லாய் வளையும், பொத்தென்று போடுவான்.

என் பாடு வேறு. பள்ளிக்கூடத்தில் பாரம் தூக்கும் அணிக்குப் பெண்பிள்ளைகளையும் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தில் அம்மாவின் கையெழுத்து வேண்டும்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு உது என்னத்துக்கு? வயித்திலை ஏதும் பிழைச்சால் ஆர் பாக்கிறது?" என்றாள் அம்மா.

"பொம்பிளையளுக்கு உந்தத் தசையே இல்லையடி" என்றான் அண்ணன்.

இரண்டு நாள் அழுதேன். சோறு வேண்டாம் என்றேன். ஒன்றும் நடக்கவில்லை.

வியாழக்கிழமை பிடுங்கிய வெங்காயம் வந்து இறங்கியது. பரப்ப வேண்டிய இடத்தில் பாரம் கிடந்தது. அம்மா அண்ணனை இரண்டு தரம் கூப்பிட்டாள். அவன் வரவில்லை. மூன்றாம் தரம் கூப்பிடாமல் குனிந்து பாரத்தை மார்புக்கு எடுத்தாள். வயிற்றை இறுக்கினாள். பின்பக்கத்தை இறுக்கினாள். முகத்தைச் சற்றுப் பின்னால் எடுத்து, நேரே மேலே தள்ளித் தலைக்கு மேலிருந்த பரணில் வைத்துவிட்டு வெங்காயத்தைப் பரப்பத் தொடங்கினாள். நான் வாசலில் வாயைப் பிளந்தபடி நின்றேன்.

பின்னேரம் அண்ணன் வந்து பரணைப் பார்த்தான்.

"ஆர் அம்மா உங்களோடை பிடிச்சது?"

"ஆரும் பிடிக்கேல்லை."

"தனியவோ?"

"பின்னை? வெங்காயத்தை உன்ரை தலையிலையோ காயப்போடுறது?"

அவன் சுவரடிக்குப் போய்ச் சாக்குகளை விலக்கி, படத்தின் கீழ்ப்பாதியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் படிவத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். "உங்களுக்கு ஒண்டும் பிழைக்கேல்லைத்தானே அம்மா?"

அடி விழும் என்றுதான் நினைத்தேன். அம்மா கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பேனையைத் திருப்பித் தரும்போது கேட்டாள்:

"அது எத்தினை கிலோ?"

"முப்பது."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம். அண்ணை தராசிலை வைச்சுப் பாத்தவர்."

மறுநாள் காலை படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டேன். வேலியடியில் அம்மா பக்கத்து வீட்டு மாமியோடு கதைத்துக்கொண்டு நின்றாள்.

"முப்பது கிலோவாம் அக்கா. முப்பது."

அண்ணனைப் பற்றி முறைப்பாடு சொல்கிறாள் என்றே அப்போது நினைத்துக்கொண்டு, நான் ஓடினேன்.