மடங்கும் மடக்கையும்

1991-இல் பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்டேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம், வல்லம் வடகாலை ஒட்டிய எங்கள் ஊரில் என்னோடு சேர்ந்து தோற்ற இன்னொருத்தி என் கூட்டாளி. இருவருக்கும் அக்டோபரில் மறுதேர்வு. "இந்த தபாவும் போச்சுன்னா பேசாம நாத்து நட வந்துடு," என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். தோற்றவள் என்ற பேர் ஆகவே ஆகாது.

என்னைக் கவிழ்த்தது மடக்கைதான். log என்று கண்டால் போதும், அடைப்புக்குள் இருப்பதையெல்லாம் பிய்த்துப் போடுவேன். log (x + y) என்றால் log x + log y என்று எழுதுவேன். தப்பு என்று சிவப்பு மை சொன்னதே தவிர, ஏன் தப்பு என்று சொல்லவில்லை.

ஒருநாள் காலை பம்புசெட்டு நிழலில் படித்துக்கொண்டிருந்தோம். மறுபடியும் அதையே எழுதினேன். கூட்டாளிக்குக் கடுப்பு தாங்கவில்லை.

"ரெண்டு மடங்கு, மூணு மடங்குன்றோமே, அது இன்னா? பெருக்கல்தான? மடங்குனதத்தான்டி மடக்கை விரிக்கும். கூட்டுனது எங்க மடங்கி கீது, நீ விரிக்கறதுக்கு?"

எழுதியதை அடித்தேன். பிறகு log x²y என்பதை மெதுவாக விரித்தேன். 2 log x + log y. பெருக்கல் கூட்டலாகிவிட்டது. x-இன் தலைமேல் உட்கார்ந்திருந்த அடுக்கு கீழே இறங்கி முன்னால் வந்து நின்றது. தினம் வாயில் புழங்கும் சொல்லுக்குள் இவ்வளவு பெரிய விஷயம் இருந்திருக்கிறது, நான் பாட்டுக்கு மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அன்று முழுக்கக் கண்ணில் பட்ட கணக்கையெல்லாம் விரித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சொன்ன பேச்சு கேட்டது.

ஸ்ரீபெரும்புதூரில் தேர்வு. log x³(y + z), விரித்து எழுதுக என்றிருந்தது. 3 log x + log (y + z) என்று எழுதினேன். அந்தக் கூட்டலையும் உடைக்கச் சொல்லிக் கை நமநமத்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

வாசலில் கூட்டாளி முகம் வெளிறி நின்றாள்.

"அந்த கூட்டல இன்னாடி பண்ண?"

"தொடல."

என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். "நானும் தொடல. இங்க எல்லாரும் ஒடச்சிட்டு வந்துகீறாங்க. பயந்தே பூட்டேன்டி."

முடிவு வந்த அன்று நவரைப் பட்டத்து நடவுக்கு வயலில் சேறு கலக்கிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நான் ஓடி வருவதைப் பார்த்து அப்பா நிமிர்ந்தார்.

"பாஸா?"

"பாஸு. ரெண்டு பேருமே."

வயலைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நடவுக்கு வேற ஆளுதான் பாக்கணும்," என்றார்.