அம்பு பார்த்த பக்கம்

பிளக்கண்ணனுக்கு வயிற்றெரிச்சல் என்று ஒன்று வந்ததே சகலை எதிர்க்கடையைத் திறந்த பிறகுதான். அதுவரைக்கும் மனுஷன் தங்கமானவர். மரம் அறுக்கிற மெஷின், புல் வெட்டுகிற மெஷின், எதைக் கொண்டுவந்து போட்டாலும் "முதல்ல பிளக்கைக் கழட்டு" என்பார். அப்படி வந்த பேர் அது.

சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், இன்ஜின் வேலையை வேறெங்கோ கற்றுக்கொண்டு வந்தான். இத்தனை தெரு இருக்க, நேர் எதிரில்தான் கடை போட வேண்டுமா? கண்ணாடி அலமாரியில் புது பிஸ்டனும் ரிங்கும் கார்புரேட்டரும் பளபளவென்று அடுக்கியிருந்தான். இவர் கடையில் உதிரி பாகமெல்லாம் பெயின்ட் டப்பாவில் கிடந்தது. வீட்டுக்குப் போனால் அங்கேயும் அவன் புராணம்தான். "என் தங்கச்சி புருஷன் கடை என்னமா இருக்கு! நீங்களும் இருக்கீங்களே" என்பாள் மனைவி. சோறு எப்படி இறங்கும்?

வாடிக்கைக்காரர் யார் போனாலும் போகட்டும், மரவெட்டி மட்டும் போய்விடக் கூடாது. ஆரம்பத்திலிருந்து இவரை விட்டு நகராத ஆள். அவரும் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டால் அப்புறம் தெருவில் தலை காட்ட முடியாது.

அந்த மரவெட்டியின் மெஷினுக்குப் புது பிஸ்டன் மாட்டுகிற அன்று பார்த்து எதிர்க்கடையில் ஒரே கூட்டம். "அப்படி என்னத்தைக் கொட்டிக் கொடுக்கிறான் இவன்?" என்று அங்கேயே பார்த்து முணுமுணுத்தபடி சிலிண்டரை இறக்கி முடுக்கிவிட்டார். பிஸ்டன் தலையில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது புகை வெளியேறுகிற பக்கம் பார்க்க வேண்டும். இவர் மாட்டிய அம்பு அதற்கு எதிர்ப்பக்கம் இருந்த கார்புரேட்டரைப் பார்த்தது.

மறுநாள் பாதி மரத்தில் மெஷின் செத்துப்போனது. மரவெட்டி கோபமாக அதைத் தூக்கிக்கொண்டு நேரே சகலை கடைக்குள் நுழைந்தார். பிளக்கண்ணன் இங்கிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மரவெட்டி இவர் கடைக்கு வந்து, கழற்றிய பிஸ்டனை மேஜைமேல் வைத்தார். "உன்னை நாலு வார்த்தை திட்டணும்னுதான் இருந்தேன். உன் சகலைதான் தடுத்தாரு. சரக்கே மட்டமாம், மாட்டினவர் மேல தப்பில்லையாம். இனிமேலும் உன்கிட்டயே போகச் சொல்லிட்டாரு."

பிளக்கண்ணன் பிஸ்டனைத் திருப்பிப் பார்த்தார். அதைச் சுற்றியிருந்த ரிங்கின் முனைகள் சிலிண்டர் ஓட்டையில் சிக்கி உடைந்திருந்தன. அம்பைத் திருப்பி மாட்டினால்தான் அப்படி உடையும். வேலை பழகுகிறவன் செய்கிற தப்பு! சகலை அதைக் கண்டுபிடித்தும் மூடி மறைத்திருக்கிறான். ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருந்தால்கூட நிம்மதியாக வெறுத்துத் தொலைத்திருக்கலாம். இப்போது நல்லவன் பட்டமும் அவனுக்கே. இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

பொறுக்க முடியாமல் ரோட்டைத் தாண்டினார். "ஏன்யா உண்மையைச் சொல்லல? எனக்குப் பிச்சை போடறியா?"

சகலை கையைத் துணியில் துடைத்தான். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது அண்ணே? போன மாசம் நானும் அம்பைத் திருப்பித்தான் மாட்டினேன்."

"நீயா? எப்படி?"

"உங்க கடை வாசல்ல நாலு பேர் நின்னு உங்ககூட பேசிச் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. என் கடையில சாமான் வாங்கினதும் ஓடிடறாங்க, ஒருத்தனும் நிக்க மாட்டேங்கறான். பாக்கப் பாக்க வயிறு எரிஞ்சது. கை பாட்டுக்கு மாட்டிடுச்சு."

பிளக்கண்ணனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எந்த நாலு பேரு சகலை? நிதானமா சொல்லு."